'வர்றது வந்தே தீரும்' என்ற பேச்சுக்கு மறுப்பு

திண்டுக்கல் மாவட்டம் சேவுகம்பட்டியில் சுகர், பிரஷர், கேன்சர் பற்றிப் பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: "வர்றது வந்தே தீரும். நம்ம கையில என்ன இருக்கு?" சொல்கிறவருக்கு அது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் இந்த ஆறுதலை நம்பித்தான் பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள், தொடங்கிய மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார்கள். இந்தப் பேச்சையொட்டி எழும் வாதங்கள் ஆறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "உழைக்கிற ஒடம்புக்கு சுகர் வராது. அது டவுன்காரங்க வியாதி."

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முதல் முடிவுகள் 2011இல் வந்தன. அப்போதே தமிழகக் கிராமங்களில் 20 வயதைக் கடந்தவர்களில் 7.8 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, நகரங்களில் 13.7. அதே ஆய்வின் 2023ஆம் ஆண்டு அறிக்கை தமிழகம் முழுமைக்கும் சொன்ன அளவு 14.4 விழுக்காடு. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். டவுன் வியாதி என்ற எல்லைக்கோடு அழிந்து வெகுகாலமாகிவிட்டது.

உழைப்பும் முன்போல் இல்லை. ஏர் போய் டிராக்டர் வந்தது, ஏற்றம் போய் மோட்டார் வந்தது, வயலுக்கு நடந்து போனவர்கள் பைக்கில் போகிறார்கள். தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. இந்தியர்கள் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இதே ஆய்வுக் குழு 2025இல் எழுதியது. தென்னாட்டில் அதில் பெரும்பங்கு தீட்டிய அரிசிக்கு. இன்றும் வாழைத்தார் சுமக்கிறவருக்கு உழைப்பு ஒரு பாதுகாப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊறுகாயிலும் கருவாட்டிலும் அப்பளத்திலும் ஏறும் உப்பு கூட்டும் ரத்த அழுத்தத்தையும், வாயில் அடக்கிய புகையிலையின் தீங்கையும் உழைப்பு மட்டுமே போக்கிவிடாது.

2. "அப்பனுக்கு இருந்துச்சு. எனக்கும் வரும்."

இதில் பாதி உண்மை. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல். மீதிப் பாதியைப் பொய்யாக்கியது சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வு. சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரைக் குழுக்களாகப் பிரித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்றாண்டுக்குள் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்துவிட்டது. தினம் அரை மணி நேர நடை, குறைந்த மாவுச்சத்து, சர்க்கரை தவிர்ப்பு என்று பழக்கத்தை மாற்றிக்கொண்ட குழுவில் அது 39 விழுக்காடு. இரு குழுவினரும் நம்மவர்கள், பரம்பரையும் ஒன்றே. மாறியது பழக்கம் மட்டுமே. அப்பாவுக்கு இருந்தது என்றால் அதற்குப் பொருள், மகன் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான்.

3. "எனக்கு ஒண்ணுமே செய்யலையே, எதுக்கு டெஸ்ட்டு?"

ரத்த அழுத்தம் 160ஐத் தாண்டினாலும் பலருக்குத் தலைவலிகூட வராது. நீரிழிவு கண்ணின் விழித்திரையை அரிக்கத் தொடங்கும்போதும் பார்வை தெளிவாகவே இருக்கும். தொந்தரவு தெரியும் நாளில் பக்கவாதமோ, ஆறாத கால் புண்ணோ வந்து நிற்கும். தமிழ்நாட்டில் 2020இல் நடந்த கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. மற்றவர்களில் கணிசமானோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். ஒன்றும் செய்யவில்லை என்பது நலத்துக்குச் சான்று ஆகாது.

4. "மாத்திரை ஆரம்பிச்சா விட முடியாது. கிட்னி போயிரும்."

ஊரில் மிக அதிகத் தீங்கு செய்யும் வாதம் இது. சுகர் மாத்திரை சாப்பிட்ட ஒருவருக்குக் கிட்னி கெட்டதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். பழியை மாத்திரை மேல் போட்டுவிடுகிறார்கள். கிட்னியைக் கெடுத்தது பல ஆண்டுகள் கட்டுக்கடங்காமல் இருந்த சர்க்கரையும் அழுத்தமும். பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இருபதாண்டு தொடர்ந்த ஆய்வு 1998இல் தெளிவாகச் சொன்னது: சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 44 விழுக்காடு குறைந்தது.

உண்மையில் கிட்னியைக் கெடுக்கும் மாத்திரை வேறு. மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் போடும் வலி மாத்திரைதான் அது. சுகர் மாத்திரைக்குப் பயப்படுகிறவர்களே அதைப் பயமில்லாமல் விழுங்குகிறார்கள். அஞ்ச வேண்டியதை அஞ்சுவோம். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொண்டால், சுகர் மாத்திரையின் அளவை மருத்துவர் தேவைக்கேற்ப மாற்றித் தருவார்.

5. "கேன்சர்னா அவ்வளவுதான்."

இந்தப் பேச்சை உலகின் எந்த மூலையில் சொன்னாலும் மன்னிக்கலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் சொல்லக் கூடாது. ஏனென்றால் இதைப் பொய்யென்று உலகுக்கு நிரூபித்தவர்கள் இந்த மாவட்டத்துப் பெண்கள்.

2000ஆம் ஆண்டில், ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. மாவட்டத்தின் 114 ஊர்த் தொகுதிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை. பெரிய கருவி எதுவும் கிடையாது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடம் உண்டா என்று பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்த்தார்கள். புற்றுக்கு முந்தைய மாற்றம் தென்பட்டால் குளிரூட்டி அழிக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது: பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்று 25 விழுக்காடு குறைவு, அதனால் நேர்ந்த மரணம் 35 விழுக்காடு குறைவு.

அந்த 35 விழுக்காடு என்பது பிழைத்த தாய்மார்கள். இருந்தும் தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழகத்தில் 30–49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 விழுக்காடு மட்டுமே. வழி தெரிந்தும் பத்தில் ஒன்பது பேர் அந்த வழியில் போகவில்லை. இது விதி அல்ல. நம் அசட்டையும் கூச்சமும்.

6. "எல்லாம் அவனவன் நாக்கைக் கட்டாததால வர்றது."

விதி என்பதற்கு மறுகோடியில் நிற்கும் வாதம் இது, இதுவும் தவறு. தினக்கூலியை விட்டுவிட்டு மாத்திரைக்காக அரை நாள் வரிசையில் நிற்க முடியாதவரைப் பார்த்து நாக்கைக் கட்டு என்பது நியாயமில்லை. மருத்துவம் ஊருக்குள் வந்தால் நிலைமை மாறும். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் சூணாம்பேட்டைச் சுற்றிய 42 கிராமங்களில் 2006 முதல் நடமாடும் ஊர்தி சென்று மக்களைப் பரிசோதித்து, தொடர் சிகிச்சையும் கொடுத்தது. ஓராண்டில் அங்குள்ள நோயாளிகளின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.3இலிருந்து 8.5ஆக இறங்கியது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இதே எண்ணத்தில் பிறந்தது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் பெற்றது. இத்திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தரும் பெண் தன்னார்வலரை வாசலோடு திருப்பி அனுப்பாமல் இருப்பது நம் பங்கு. அவர் மாதந்தவறாமல் வருவதும், கையில் மருந்து இருப்பதும் அரசின் பங்கு. இரண்டும் சேர்ந்தால்தான் நோய் அடங்கும்.

வாதம் ஆறும் விழுந்துவிட்ட பிறகு மிஞ்சுவது செயல். தை மாதம் சோலைமலை அழகர் பெருமாள் கோயில் வாழைப்பழச் சூறை விழாவுக்கு வெளியூரிலிருந்தும் சொந்தங்கள் சேவுகம்பட்டிக்கு வருகிறார்கள். அந்த நாட்களில் பேரூராட்சியும் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஊர் நடுவே ஒரு முகாம் போடட்டும். முப்பது வயதைத் தாண்டிய எல்லோரும் சர்க்கரையும் அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அண்ணன்மார்களே, வீட்டுப் பெண்களை அனுப்பிவிட்டு வெளியே நிற்காமல் நீங்களும் கையை நீட்டுங்கள். வர்றது வந்தே தீரும் என்று இனி யாராவது சொன்னால், அம்பிளிக்கை ஆய்வை எடுத்துச் சொல்லுங்கள்.