படைவீரருக்கும் ஒரு ஜெபக்கூட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

படைவீரர்களின் மன உளைச்சல் குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை முழுமனதோடு ஏற்கிறேன். விடுப்பும் மனநல ஆலோசனையும் கட்டாயம் வேண்டும். ஆனால், கூடி ஜெபிப்பதால் வரும் தெம்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது குறையே.

நம் ராணுவம் அதை உணர்ந்தே இருக்கிறது. பண்டிதர், சீக்கியக் கிரந்தி, மௌலவி போலப் பாதிரியாரையும் இளநிலை அதிகாரி (ஜே.சி.ஓ.) நிலையில் நியமிக்கிறது. எல்லா மதத்தவரும் ஒரே கூரையின்கீழ் வழிபட, பல முகாம்களில் 'சர்வ தர்ம ஸ்தல்' உண்டு.

நான் வடக்கு எல்லையில் இருந்தபோது பகல் எப்படியோ ஓடிவிடும். இரவு சென்ட்ரி டூட்டியில்தான் மனம் அலையும்: ஊரில் வற்றிய கிணறு, தங்கை கல்யாணக் கடன், போனில் பாதியில் அறுந்த பேச்சு. கன்னியாகுமரிக்காரர் ஒருவர் ஞாயிறு மாலைகளில் எங்களைக் கூட்டி, வேதாகமத்திலுள்ள பிலிப்பியர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தை வாசிப்பார். ஓய்வுபெற்ற ரோமானிய வீரர்கள் குடியேறிய ஊரின் சபைக்கு, காவலில் இருந்த பவுல் எழுதிய நிருபம் அது. எவற்றைச் சிந்திக்க வேண்டும் என்று அந்த அதிகாரம் சொல்லும். வாசலில் ஆளை நிறுத்தி அடையாளம் கேட்பதுபோல, வரும் எண்ணத்தையும் நிறுத்தி விசாரிக்க அங்கேதான் பழகினேன். இந்து நண்பர்களும் வந்து அமர்வார்கள். யாரும் யாரையும் மதம் மாற்ற முயன்றதில்லை.

எங்கள் தர்மபுரி மாவட்டத்துத் திருச்சபைகள், படையிலிருக்கும் தங்கள் பிள்ளைகளை மாதம் ஒருமுறையாவது போனில் அழைத்து ஜெபிக்க வேண்டும். முன்னாள் வீரர்களிடம் இப்பொறுப்பைக் கொடுக்கலாம். குரலில் தளர்ச்சி தெரிந்தால், மருத்துவரைப் பார்க்கும்படி சொல்லவும் அவர்களால் முடியும்.

முன்னாள் படைவீரர்,
மாரண்டஹள்ளி.