கோப்பை கழுவியதை ஏன் மறைக்கிறீர்கள்?

புத்தகம் போட்ட நம்மவர்களுக்கு இப்போது ஒரு புது உபதேசம் கிடைத்திருக்கிறது. லிங்க்ட்இன்னில் ஒரு பக்கம் திற, பெயருக்குக் கீழே 'எழுத்தாளர்' என்று போடு, தொடர்புகளைச் சேர், ஓயாமல் உன்னைப் பற்றி எழுது, புத்தகம் தானாக விற்கும். இந்த உபதேசத்தோடு எனக்குச் சண்டை உண்டு.

லிங்க்ட்இன் 2003இல் தொடங்கப்பட்டது. 2016இல் மைக்ரோசொப்ட் அதை 2620 கோடி டொலருக்கு வாங்கியது. வேலை கொடுப்பவரும் வேலை தேடுபவரும் கூடும் சந்தை அது. சந்தைக்குப் போவது குற்றமில்லை. முந்நூறு பிரதி அடித்து, இருநூறைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்திருப்பவரிடம் 'வாசகரைத் தேடாதே' என்று சொல்ல நான் யார்? என் கேள்வி வேறு. அந்தச் சந்தையில் எதை மறைத்து எதை விற்கிறோம்?

அகதி விண்ணப்பத்தில் திகதி பிசகாமல் வாழ்க்கையை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். அங்கே துன்பத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. இங்கே வெற்றியை நிரூபிக்கச் சொல்கிறார்கள். நான் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்தவன். தொடங்கிய ஆண்டு, முடித்த ஆண்டு இரண்டுக்கும் அங்கே பெட்டி உண்டு. ஏன் முடியவில்லை என்று கேட்கும் பெட்டி இல்லை. 2022இல் வேலை இடைவெளியைக் குறிக்க ஒரு வசதியைச் சேர்த்தார்கள். அவர்கள் கொடுத்த காரணங்களில் பயணம் இருந்தது, இடமாற்றம் இருந்தது. யுத்தம் இருக்கவில்லை.

இதைவிட மோசமானது நாங்களே செய்யும் மறைப்பு. பத்து வருசம் றெஸ்ரோரண்ட் குசினியில் நின்றவரின் பக்கத்தில் குசினியே இல்லை. 'படைப்பாளி, பேச்சாளர், ஆலோசகர்' என்று மூன்று பட்டம் நிற்கிறது. அவருடைய நல்ல கதைகளோ அந்தக் குசினியின் ஆவியிலும் எண்ணெயிலும் இருந்து வந்தவை. விசா இல்லாமல் வேலை செய்பவர் மறைப்பது பாதுகாப்புக்காக. அவரை நான் சொல்லவில்லை. கையில் காட் இருந்தும் கூசுபவர்களைச் சொல்கிறேன். செய்த தொழிலைச் சொல்லக் கூசுவது இந்த நாடுகளில் நாம் கற்றதல்ல. தொழிலை வைத்து மனிதரைத் தரம் பிரித்த நமது சாதியச் சமூகத்தில் இருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தது. லிங்க்ட்இன் அதற்கு இஸ்திரி போட்டுக் கொடுக்கிறது.

2012இல் அங்கே இன்னொரு வசதி வந்தது. ஒருவருக்கு இன்ன திறமை உண்டு என்று இன்னொருவர் ஒரே சொடுக்கில் சான்று தரலாம். புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர் 'படைப்பெழுத்து' என்பதில் சொடுக்குவார். நாளைக்கு நாம் அவருக்குச் சொடுக்க வேண்டும். பொன்னாடையும் அணிந்துரையுமாக நடந்த அதே முதுகு சொறிதல்தான். 1988இல் ஜெர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பில் ஒருவரின் எழுத்தை அவர் முகத்துக்கு நேரே கிழிப்பார்கள் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிழிப்பதற்காவது வாசித்திருக்க வேண்டும் அல்லவா?

பக்கம் திறப்பவர்கள் திறக்கட்டும். நூலின் பெயர், பதிப்பகம், விலை, கிடைக்கும் இடம், மொழிபெயர்த்தவர் இருந்தால் அவர் பெயர், இவ்வளவும் போதும். தான் வாசித்த இன்னொருவரின் புத்தகத்தைப் பற்றிப் பத்து வரி நேர்மையாக எழுதட்டும். வேலை என்ற பெட்டியில் கோப்பை கழுவிய வருசங்களையும் போடட்டும். அதைப் பார்த்து விலகிப் போகும் தொடர்பு எங்கள் கதையை ஒருநாளும் வாசிக்கப் போவதில்லை.

மறுப்பு உள்ளவர்கள் இந்தப் பக்கங்களிலேயே எழுதுங்கள். கைதட்டும் படம் அனுப்ப வேண்டாம்.