தண்ணீர் குடித்து வரச் சொன்னால் போதாது

பசறை, லுணுகலை, ஹப்புத்தளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து ஸ்கேனுக்காகப் பதுளைக்கு வரும் பெண்ணின் கையில் ஒரு துண்டு இருக்கும். அதில் திகதியும் நேரமும் இருக்கும். "தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று வாய்மொழியாகவும் சொல்லப்பட்டிருக்கும். எந்த வழியாகச் செய்யும் ஸ்கேன், எதற்காக என்பது பெரும்பாலும் ஸ்கேன் கட்டிலில் ஏறிய பிறகே அவருக்குத் தெரியவருகிறது. அந்த விளக்கம் ஸ்கேனுக்கு அனுப்புபவரின் வேலை.

முதலில் தண்ணீர். வயிற்றின் மேலாகச் செய்யும் ஸ்கேனுக்குச் சலப்பை நிரம்பியிருக்க வேண்டும். அது குடலை ஒதுக்கி, ஒலியலை கருப்பைக்கும் சூலகங்களுக்கும் போக வழிவிடும். யோனிவழி ஸ்கேனுக்குச் சலப்பை வெறுமையாக வேண்டும். மலையில் ஒதுங்க இடமில்லாததால், கொழுந்து பறிக்கும் பெண்கள் பலர் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் நிறையக் குடித்துவிட்டு, வளைவுப் பாதையில் பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வரச் சொல்கிறோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கழிப்பறையைத் தேடுவதில் வியப்பில்லை. ஸ்கேன் தள்ளிப்போனால் இன்னொரு நாள் பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். வைத்தியசாலைக்கு வந்தபின், ஸ்கேனுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு குடிக்கச் சொன்னால் போதும். யோனிவழி மட்டும்தான் என்றால் தண்ணீர்ப் பேச்சே வேண்டாம்.

அடுத்தது அச்சம். 1996 முதல் நடந்துவரும் சுகவனிதையர் கிளினிக்கில் ஸ்பெக்குலம் வைத்த நினைவு பலருக்கு உண்டு. யோனிவழி ஸ்கேனும் அப்படித்தான் என்று எண்ணுவார்கள். ஸ்பெக்குலம் இல்லை, மெல்லிய புரோப்தான், அதன் நுனி மட்டுமே உள்ளே போகும் என்று சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் புது உறை போட்டு ஜெல் தடவுவதை அவர் காணும்படி செய்யுங்கள். இறப்பர் ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேளுங்கள். கதிர்வீச்சு இல்லை. அழுத்தம் தெரியும், வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். விரும்பினால் புரோப்பைத் தானே உள்ளே வைத்துக்கொள்ளலாம். மாதவிடாய் தடையல்ல. வயிற்றின் மேல் 3 முதல் 5 மெகாஹேர்ட்ஸ் வரை பயன்படுத்தும் நாம், உறுப்புக்கு அருகில் செல்வதால் இதில் 5 முதல் 9 வரை பயன்படுத்த முடிகிறது. கருப்பைக்கு வெளியே தங்கிய கருவையும் சிறிய சூலகக் கட்டியையும் தெளிவாகக் காண்பது இதனால்தான். அவரிடம் "கிட்ட இருந்து பார்த்தா நல்லாத் தெரியும்" என்றால் போதும்.

சம்மதம் கேட்கும் இடத்தில் ஒரு வழக்கத்தைக் கைவிட வேண்டும். "கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டு வழியைத் தீர்மானிக்கிறோம். நமக்குத் தெரிய வேண்டியது உடலுறவு கொண்டிருக்கிறாரா என்பதுதான். அதைத் தாயையோ மாமியாரையோ வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தனிமையில் கேட்க வேண்டும். இல்லை என்றால் வயிற்றின் மேலாகச் செய்யும் ஸ்கேன் இருக்கிறது. வேண்டாம் என்று அவர் மறுத்தாலும் அதே வழிதான். அதற்காகச் சிகிச்சை நின்றுவிடக் கூடாது. ஸ்கேன் அறையில் ஒரு பெண் உத்தியோகத்தர் உடனிருக்கட்டும். சிங்களம் மட்டும் பேசும் அறையில் தலையாட்டுவதைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது.

துண்டின் பின்புறத்தில் தமிழில் நான்கு வரி போதும்: எந்த வழி, தண்ணீர் வேண்டுமா வேண்டாமா, யார் உடனிருப்பார், முடிவை எங்கே எப்போது கேட்பது. வாசிக்கத் தெரியாதவருக்குக் குடும்பநல உத்தியோகத்தரோ தோட்ட வைத்திய உதவியாளரோ அதை வாசித்துச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அடுத்த கிளினிக்கிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.