விறகடுப்பு ருசி

நெடுஞ்சாலைகளில் இப்போது ஒரு புது மோகம் கிளம்பியிருக்கிறது. ஹோட்டல் வாசலில் ஆள் உயரப் பலகை. அதில் ஒரு மண்சட்டி, சட்டிக்குக் கீழே கொழுந்து விட்டெரியும் தீ, பக்கத்தில் 'இங்கு விறகடுப்புச் சமையல்' என்று கொட்டை எழுத்து. பட்டணத்திலிருந்து காரில் வருகிறவர்கள் அதைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து குழம்பைப் பிசைந்துகொண்டே, "ஆகா, பாட்டியின் கைமணம்!" என்கிறார்கள். பாட்டிக்குக் கைமணம் மட்டுந்தானா இருந்தது? இருமலும் இருந்தது. அதைப் பலகையில் யாரும் எழுதுவதில்லை.

ஹோட்டல்காரரையாவது மன்னித்துவிடலாம், அவர் வியாபாரி. கதை எழுதுகிறவர்களை என்ன சொல்வது? அந்தி சாய்ந்தால் போதும், நம் நாவல்களில் கூரைக்கு மேலே நீலப் புகை சுருள் சுருளாக எழும்ப ஆரம்பித்துவிடும். ஊரே சாந்தியில் மூழ்கிவிடும். கூரைக்கு மேலே வந்த புகை, அதற்கு முன்னால் கூரைக்குக் கீழேதானே இருந்திருக்க வேண்டும்? அங்கே யார் இருந்தார்கள், எத்தனை நேரம் இருந்தார்கள் என்கிற விசாரம் கதாசிரியருக்குக் கிடையாது. கதாநாயகி கண்ணைத் துடைத்துக் கொண்டால் அது காதல் தோல்வியாகத்தான் இருக்க வேண்டும். ஈர விறகாக இருக்கக்கூடாது!

தர்மபுரி மாவட்டத்தில் பொம்மிடி என்று ஓர் ஊர். மொரப்பூரைத் தாண்டிச் சேலத்துக்குப் போகிற ரயில் பாதையில், சேர்வராயன் மலையின் பக்கமாக இருக்கிறது. அதன் சுற்றுப்புறக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மாளைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு முன்னால் இருமல் வந்துவிடுகிறது. பீடி, சுருட்டு எதையும் அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. வீட்டில் காஸ் அடுப்பு இருந்தது. மஞ்சள் குங்குமம் வைத்து மூலையில் பத்திரமாக இருந்தது. ஏன் அம்மா அதில் சமைப்பதில்லை என்று கேட்டேன்.

"காப்பித் தண்ணி வெப்பமுங்க. களி கிண்டறதெல்லாம் வெறகுலதானுங்க. சிலிண்டரு தீந்துபோச்சுன்னா அப்பறம் காசுக்கு எங்கீங்க போறது?"

இருமலைப் பற்றிக் கேட்டதற்கு அவருடைய மகன் முந்திக்கொண்டு, "அம்மாவுக்குச் சளி உடம்புங்க" என்றார். அவ்வளவுதான். நோய்க்குக் காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது! அடுப்பின் பேரில் ஒரு குற்றமும் இல்லை, உடம்புதான் சரியில்லை.

இந்தச் 'சளி உடம்பு' என்கிற தீர்ப்பைத்தான் நான் மறுக்கிறேன்.

நம் மூக்கிலிருந்து நுரையீரலின் சின்னக் கிளைகள் வரை, காற்றுப் போகிற பாதையின் உட்புறச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் அடர்த்தியாக முளைத்திருக்கின்றன. டாக்டர்கள் இவற்றைச் சிலியா என்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை 1000 கூறாகப் போட்டால் அதில் ஆறேழு கூறுதான் ஒரு மயிரின் நீளம். ஒவ்வொரு உயிரணுவின் தலையிலும் ஏறத்தாழ 200 மயிர்கள். அவை சும்மா நிற்பதில்லை. விநாடிக்குப் பத்து, பதினைந்து தடவை அடித்துக்கொண்டே இருக்கின்றன. மேல் நோக்கித் தள்ளும்போது விறைப்பாக நிமிர்ந்து தள்ளும். திரும்பும்போது வளைந்து பணிந்து வரும். இல்லாவிட்டால் தள்ளியதைத் தானே இழுத்துக்கொண்டு வந்துவிடும் அல்லவா? ஒன்றன்பின் ஒன்றாக அவை சாய்ந்து எழுவது, சோளக் கொல்லையில் காற்று அலை ஓடுவதைப் போல இருக்கும்.

மயிர்களின் நுனிக்கு மேலே பசை போன்ற சளிப்படலம். அடியிலே தண்ணீர் போன்ற திரவம். மூச்சோடு வரும் தூசியும் கிருமியும் பசையில் ஒட்டிக்கொள்ளும். நிமிஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் அந்தப் பசையை மயிர்கள் தொண்டைக்கு ஏற்றிவிடும்; நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். ஆகவே சளி என்பது ஆரோக்கியமானவன் உடம்பிலும் உண்டு. சளி இருப்பது நோயல்ல. நகராமல் நிற்பதுதான் நோய்.

இந்த வேலை நின்றால் என்ன ஆகும் என்பதை இயற்கையே சில பேரிடம் காட்டியிருக்கிறது. பிறவியிலேயே சிலியா சரியாக அடிக்காத மனிதர்கள் உண்டு. குழந்தைப் பருவத்திலிருந்தே மூக்கிலும் மார்பிலும் சீழும் சளியுமாக அவதிப்படுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இருதயம் வலது பக்கத்தில் இருக்கும். அந்த மயிருக்குள்ளே அசைவைத் தருகிற உறுப்பே இல்லாமற் போனதுதான் காரணம் என்பதை ஸ்வீடன் தேசத்து அஃப்ஸீலியஸ் 1976-ல் வெளியிட்டார்.

பிறவியில் வந்த குறைக்கு யாரைக் குற்றம் சொல்வது? அடுப்பங்கரையில் நாமே செய்கிற காரியம் வேறு. விறகுப் புகையில் அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு முதலிய விஷங்கள் இருக்கின்றன. பீடிப் புகையிலும் இவையேதான். நுரையீரலுக்குப் பீடி, விறகு என்ற பேதம் தெரியாது. புகை பட்டதும் சிலியா தயங்குகிறது. வருஷக்கணக்கில் பட்டால் குட்டையாகிறது, உதிர்கிறது. அந்த இடத்தில் மயிரே இல்லாத தட்டையான தோல் வளர்ந்துவிடுகிறது. அதே சமயம் சளியைச் சுரக்கும் அணுக்கள் பெருகுகின்றன. குப்பை இரட்டிப்பாகிறது, கூட்டுகிறவன் போய்விட்டான். மிச்சம் இருக்கிற ஒரே வழி இருமல். வேலைக்காரி வராத வீட்டில் எஜமானி துடைப்பத்தை எடுத்த மாதிரி அது. நாமோ பாட்டில் மருந்து வாங்கிக் கொடுத்து, அந்தத் துடைப்பத்தையும் பிடுங்கிப் பரண்மேல் போடப் பார்க்கிறோம்! (அந்தப் பாட்டிலில் என்ன இருக்கும் என்பதும் தனிக் கதை. 1972-ல் சென்னையிலும், 2025-ல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவிலும் சிரப்பில் கலந்த டைஎதிலீன் கிளைக்கால் என்ற விஷத்தால் குழந்தைகள் மாண்டன. சிந்த்வாராவுக்குப் போன மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது.)

'எல்லாம் புத்தகப் பேச்சு' என்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திராவைச் சேர்ந்தவர்கள் நகரத்தை ஒட்டிய பகுதிப் பெண்களிடம் ஒரு சின்னச் சோதனை நடத்தி 2011-ல் வெளியிட்டார்கள். மூக்கினுள்ளே ஒரு துளி சாக்கரின் வைப்பது. நாக்கில் தித்திப்புத் தட்ட எத்தனை நேரமாகிறதென்று பார்ப்பது. தித்திப்பைத் தொண்டைக்குக் கொண்டுவருவது சிலியாதான். காஸ் அடுப்புக்காரிகளுக்குச் சராசரி 9 நிமிஷம் ஆயிற்று. விறகு முதலியவற்றை எரிப்பவர்களுக்கு 12 நிமிஷத்துக்கு மேல். இவர்கள் நோயாளிகள் அல்ல; நடமாடிக்கொண்டிருந்த பெண்கள்.

எதிர்க்கட்சிக்காரர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் வேறொன்று சொல்லுவார். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளையும் சேர்த்து நான்கு தேசங்களில் ஏறத்தாழ 3200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரும் பரிசோதனை நடந்தது. பாதிப் பேருக்கு அடுப்பும் காஸும் இலவசம். 2022-ல் வந்த முடிவின்படி பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வாஸ்தவம், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் முப்பது வருஷம் புகை குடித்த மார்பைச் சிசுவின் எடையைக் கொண்டு அளப்பது எந்த ஊர்த் தராசு? அதே பரிசோதனையில் காஸ் பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகள், மற்றவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. சிலிண்டர் செலவு தங்கள் தலையில் விழவில்லை என்றதும் அந்தப் பெண்கள் விறகை ஏறக்குறைய அடியோடு விட்டுவிட்டார்கள். ருசிக்காக விறகைக் கட்டிக்கொண்டு அழவில்லை!

தமிழ்நாட்டில் 2007-ல் இலவசக் காஸ் அடுப்பு வந்தது. 2016-ல் மத்திய சர்க்காரின் உஜ்வலா வந்தது. இருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியா முழுதும் 100 வீட்டில் 59 வீட்டார்தான் புகையில்லா எரிபொருளில் சமைத்தார்கள். அடுப்பைக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வது சுலபம். மாதா மாதம் சிலிண்டரை நிரப்புவது யார்? பொம்மிடி அம்மாள் கேட்ட கேள்வியும் இதுதானே?

புகை நின்றால் சிலியா மறுபடி முளைக்கும். சில வாரங்களில், சில மாதங்களில் வேலைக்கு வந்துவிடும். சிதைந்துபோன நுரையீரல் அப்படித் திரும்புவதில்லை. ஆகையால் இந்தக் காரியம் சின்ன வயசுப் பெண்களிடமிருந்து தொடங்க வேண்டும். காஸ் வாங்க முடியாத வீட்டில் அடுப்புக்கு மேலே ஒரு புகைபோக்கியாவது வேண்டும்.

அந்த மகன் விடைபெறும்போது சொன்னார், "என்ன இருந்தாலும் வெறகுல கிண்டுன களி மாதிரி வராதுங்க" என்று. இருக்கலாம். ஊதாங்குழலை ஒரு மாதம் அவர் பிடிக்கட்டும். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. நெடுஞ்சாலை ஹோட்டலில் கைமணத்தை மெச்சியவரும் கூட உட்காரட்டும். அப்புறம் ருசியைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.