ஆறு மாதமா, ஐந்து ஆண்டா? ஸ்ரௌவ்வில் தமிழ்க் குடும்பங்களின் விசாக் கணக்கு

கனடாவின் ரொறன்ரோ பெருநகருக்கு வடகிழக்கே, மார்க்கம் நகரைத் தாண்டி அமைந்திருக்கும் ஸ்ரௌவ்வில், நீண்டகாலம் விளைநிலங்கள் சூழ்ந்த சிற்றூராகவே இருந்தது. ஸ்காபரோவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்க்கையைத் தொடங்கிப் பின்னர் மார்க்கத்துக்கும், அங்கிருந்து மேலும் வடக்கேயுள்ள புதிய வீட்டுத் தொகுதிகளுக்கும் இடம்பெயர்ந்த இலங்கைத் தமிழர்கள் இன்று இங்கும் வாழ்கின்றனர். வீடு பெரிதாகியதும் ஊரிலுள்ள பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் அவர்கள் எந்த விசாவில் வருவது, எத்தனை நாட்கள் தங்குவது என்ற கேள்விக்கு விடை அத்தனை எளிதாக இல்லை.

இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கனடாவுக்குச் செல்ல விசா பெற்றாக வேண்டும். பலருக்குப் பத்து ஆண்டுகள் வரை செல்லுபடியாகும், பலமுறை நுழையக்கூடிய வருகையாளர் விசா வழங்கப்பட்டு வந்துள்ளது. குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். விசாவில் அச்சிடப்பட்டிருக்கும் திகதி, கனடாவின் வாசலுக்கு வந்து நிற்பதற்கான கடைசித் திகதி மட்டுமே. உள்ளே தங்குவதற்கான காலம் அதுவன்று. அக்காலத்தைத் தீர்மானிப்பவர் விமான நிலையத்திலுள்ள எல்லைச் சேவை அதிகாரி. அவர் வேறு திகதி எதனையும் குறிப்பிடாவிட்டால், நுழைந்த நாளிலிருந்து ஆறு மாதங்கள் என்பதே பொது விதி. பத்தாண்டு விசா கிடைத்தவுடன் பத்தாண்டுகள் தங்கலாம் என்று எண்ணிக்கொண்டவர்களின் கதைகளைக் குடிவரவு ஆலோசகர்கள் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் நாடு திரும்பிச் சில வாரங்களில் மீண்டும் வருவதற்குச் சட்டத்தில் நேரடித் தடை கிடையாது. இத்தனை நாட்கள் வெளியே இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணிக்கையும் கனடாவின் விதிகளில் இல்லை. இதனை நம்பித்தான் பல குடும்பங்கள், கோடைக்கு வருவதும் பனிக்கு முன் திரும்புவதுமாக ஆண்டுதோறும் ஒரு சுற்றை வகுத்துக்கொள்கின்றன. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஊதியமின்றித் தம் பிள்ளையின் வீட்டில் உதவுவதைக் கனடிய விதிமுறைகள் வேலையாகக் கருதுவதுமில்லை. ஆயினும் ஒவ்வொரு நுழைவும் ஒரு புதிய சோதனைதான். வந்திருப்பவர் உண்மையிலேயே திரும்பிச் செல்லும் வருகையாளர்தானா, அல்லது விசாவைக் கொண்டு இங்கேயே குடியிருக்கிறாரா என்று அதிகாரி கேட்கலாம். விடை திருப்தி தராவிட்டால் ஆறு மாதத்திற்குப் பதிலாக ஆறு வாரமும் வழங்கலாம், திருப்பியும் அனுப்பலாம்.

முன்னர் நாட்டை விட்டு வெளியேறுவோரை முறையாகப் பதிவு செய்யும் வழக்கம் கனடாவில் இருக்கவில்லை. தரை எல்லைகளில் 2019 இலிருந்தும், விமானப் பயணங்களில் 2020 இலிருந்தும் அது நடைமுறைக்கு வந்தது. யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்பது இப்போது அதிகாரியின் திரையில் உள்ளது. 2024 நவம்பரில் இன்னொரு மாற்றமும் வந்தது. நீண்டகாலப் பலமுறை நுழைவு விசாவை வழக்கமானதாகக் கொள்ளாமல், விண்ணப்பதாரரின் சூழ்நிலைக்கேற்ப ஒருமுறை விசாவோ குறுகிய கால விசாவோ வழங்கும் விருப்புரிமை விசா அதிகாரிகளுக்கு வலியுறுத்தப்பட்டது. ஆண்டுதோறும் வந்துபோகும் திட்டம் பத்தாண்டு விசாவின் மீது கட்டப்பட்டது. அந்த அத்திவாரம் இனி எல்லோருக்கும் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ள முடியாது.

ஒரே குடும்பம், இரு வாசல்கள்

ஈழத்தமிழர்களின் இடப்பெயர்வு ஒரே குடும்பத்தின் பிள்ளைகளை வெவ்வேறு நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஸ்ரௌவ்வில்லில் நடக்கும் ஒரு திருமணத்துக்கு இலண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ, அந்நாடுகளின் குடியுரிமை பெற்றுவிட்ட ஒரு சகோதரர் புறப்படுகிறார் என்று கொள்வோம். அவருக்கு விசா தேவையில்லை. 2016 இல் நடைமுறைக்கு வந்த மின்னணுப் பயண அனுமதிக்கு ஏழு டொலர் செலுத்தினால் போதும், அது ஐந்து ஆண்டுகள் வரை செல்லும். அதே திருமணத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டிய தாயார் கைரேகை கொடுத்து, வங்கிக் கணக்கும் காணி உறுதியும் காட்டி, அழைப்புக் கடிதத்துடன் காத்திருக்க வேண்டும். வாசலைக் கடந்த பின் இருவருக்கும் கிடைப்பது பெரும்பாலும் அதே ஆறு மாதம்தான்.

விசா இல்லாத வருகை என்பதும் வரம்பற்ற உரிமையன்று. பிரித்தானியாவின் வருகையாளர் விதிகள், அடிக்கடி அல்லது தொடர்ச்சியாக வந்துபோவதன் மூலம் அந்நாட்டைத் தமது முதன்மை வசிப்பிடமாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளோ இவ்விடயத்தை அதிகாரியின் மனநிலைக்கு விடாமல் கணக்காக்கிவிட்டன: எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்கியிருக்க முடியாது. அக்கணக்கைக் கைரேகையுடன் கணினியில் பதியும் முறை 2025 அக்டோபரில் தொடங்கியது. கடுமையானதுதான், ஆனால் பயணி தன் நிலையைத் தானே எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. கனடாவின் நெகிழ்வான முறையில் அந்த நிச்சயம் இல்லை.

சூப்பர் விசாவின் விலை

2011 நவம்பரில் அன்றைய கனடிய அரசு, பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் நிரந்தரக் குடியுரிமைக்கு அழைக்கும் திட்டத்துக்குப் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. மறுமாதமே சூப்பர் விசா என்ற மாற்று ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. ஒருமுறை நுழைந்தால் இரண்டு ஆண்டுகள் வரை தங்கலாம் என்றிருந்த அந்த விசாவில், 2022 ஜூலையிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். நிரந்தரமாக அழைக்கும் திட்டம் 2014 இல் ஆண்டொன்றுக்கு 5,000 விண்ணப்பங்கள் என்ற உச்ச வரம்புடன் மீண்டும் திறக்கப்பட்டது. பின்னர் அது குலுக்கல் முறையாயிற்று. 2020 இல் விருப்பம் தெரிவித்தவர்களின் பட்டியலிலிருந்தே 2025 வரையிலும் அழைப்புகள் அனுப்பப்பட்டன. 2020 இன் பின்னர் நிரந்தர வதிவிடம் பெற்ற பிள்ளைகளுக்கு அப்பட்டியலில் இடமே இருக்கவில்லை. தற்காலிகமாக வந்த மாற்று ஏற்பாடு அவர்களுக்கு ஒரே ஏற்பாடாகிவிட்டது.

சூப்பர் விசாவுக்கு அழைக்கும் பிள்ளை, குடும்ப எண்ணிக்கைக்கேற்ற குறைந்தபட்ச வருமானத்தைக் காட்ட வேண்டும். வருபவர் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். ஓராண்டுக்குக் குறையாத, ஒரு லட்சம் டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையே குடும்பங்களைத் திணறடிப்பது. எழுபதைத் தாண்டியவருக்கு, அதுவும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு, கட்டணம் வெகுவாக உயரும். ஏற்கெனவே உள்ள நோய் குறிப்பிட்ட காலம் கட்டுப்பாட்டில் இருந்திருந்தால் மட்டுமே பொறுப்பேற்பதாகப் பல காப்புறுதி ஒப்பந்தங்கள் கூறும். மருந்தின் அளவை வைத்தியர் அண்மையில் மாற்றியிருந்தால், அதுவே கோரிக்கையை நிராகரிக்கக் காரணமாகலாம். 2025 ஜனவரியிலிருந்து, கனடாவின் நிதி மேற்பார்வை அமைப்பின் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் காப்புறுதியும் ஏற்கப்படுவது சிறு ஆறுதல்.

சாதாரண வருகையாளர் விசாவுக்கு இக்காப்புறுதி கட்டாயமில்லை. எனவே வருமானம் குறைந்த குடும்பங்கள் ஆறு மாத வருகையையே மீண்டும் மீண்டும் நாடுகின்றன. சிக்கனம் என்று தோன்றும் இவ்வழியில் ஆண்டுதோறும் விமானச் சீட்டு வாங்க வேண்டும், கொழும்பிலிருந்து இடைநிறுத்தங்களுடன் நெடும்பயணம் செய்ய முதியவரின் உடல் இடம்கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் தங்கினாலும் சூப்பர் விசாக்காரருக்கு ஒன்ராறியோவின் பொது மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் கிடையாது. வருகையாளர் விசாவில் வந்தவருக்கும் கிடையாது. காப்புறுதியின்றி வந்தவர் மாரடைப்புடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அக்கட்டணம் பிள்ளைகளின் வீட்டுக் கடனுக்கு மேல் இன்னொரு கடனாகிவிடும்.

சூப்பர் விசா பெற்றோருக்கும் பாட்டன் பாட்டியருக்கும் மட்டுமே உரியது என்பதும் கவனிக்கத்தக்கது. போர்க்காலத்தில் பெற்றோரை இழந்து, பெரியம்மாவிடமோ சித்தியிடமோ வளர்ந்தவர்கள் நம்மிடையே குறைவில்லை. அப்பெரியம்மா சட்டத்தின் கண்ணில் வெறும் வருகையாளர்.

எதிர்த் திசையில்

1980களிலும் 90களிலும் வந்தவர்கள் இப்போது ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். பனிக்காலத்தை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ கழிக்க விரும்பும் இவர்கள் கனடியக் கடவுச்சீட்டுடன் செல்வதால், அங்கே அவர்களே வெளிநாட்டவர். இலங்கையின் மின்னணுப் பயண அனுமதி வழக்கமாக 30 நாட்களுக்கானது. மேலும் தங்க நீடிப்புக் கோர வேண்டும். 2024 ஏப்ரலில் புகுத்தப்பட்ட புதிய மின்னணு விசா முறை பெரும் சர்ச்சைக்குள்ளாகி, உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையின் பின் அவ்வாண்டு செப்டம்பரில் பழைய முறை திரும்பியதையும் பயணிகள் மறந்திருக்க மாட்டார்கள். இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இக்கவலை இல்லை. ஆனால் 2011 இல் நிறுத்தப்பட்ட அந்த வசதி 2015 இல்தான் மீண்டும் கிடைத்தது.

இந்தியாவின் அனுபவம் இன்னும் கூர்மையானது. மும்பைத் தாக்குதலுடன் தொடர்புடைய டேவிட் ஹெட்லி பலமுறை இந்தியா வந்துபோனது தெரியவந்ததும், சுற்றுலா விசாவில் வருவோர் இரு வருகைகளுக்கிடையே இரண்டு மாத இடைவெளி விடவேண்டும் என்று 2009 இறுதியில் விதி வந்தது. சென்னையில் தங்கியிருந்து இடையில் யாழ்ப்பாணம் போய்த் திரும்ப நினைத்த கனடியத் தமிழர், பயணத் திட்டத்தை முன்கூட்டியே காட்டி அனுமதி பெறாவிட்டால், வழியில் அகப்பட்டுக்கொள்ளும் நிலை உருவானது. 2012 இல் பெரும்பாலான நாட்டவருக்கு அவ்விதி நீக்கப்பட்டது. பின்னர் கனடாவுடனான இராஜதந்திர முறுகலில் 2023 செப்டம்பரில் கனடியருக்கான விசாச் சேவையையே இந்தியா இடைநிறுத்தியது. சில வகை விசாக்கள் அடுத்த மாதமே மீண்டும் வழங்கப்பட்டன. இந்திய வம்சாவளியினர் கடல்கடந்த குடியுரிமை அட்டையைக் கொண்டு சமாளித்தனர். இந்தியாவில் வேர் இல்லாத யாழ்ப்பாணத்தவரோ அந்த அட்டைக்கு உரியவர்கள் அல்லர்.

ஊரில் தங்குவதற்கு அனுமதி கிடைத்தாலும் ஒன்ராறியோவின் கணக்கு பின்தொடர்கிறது. ஓஹிப் தொடர வேண்டுமானால் எந்தப் பன்னிரண்டு மாத காலத்திலும் குறைந்தது 153 நாட்கள் மாகாணத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. வருமானம் குறைந்த முதியோருக்கான உத்தரவாத வருமானக் கொடுப்பனவு, ஆறு மாதங்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் நின்றுவிடும். 18 வயதுக்குப் பின் 20 ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திராதவர்களுக்கு முதியோர் ஓய்வூதியமும் அவ்வாறே நிறுத்தப்படும். பிள்ளைகளால் ஐம்பது, அறுபது வயதில் அழைக்கப்பட்டவர்கள் பலர் இந்த இருபது ஆண்டை எட்டாதவர்கள். ஊர்க் கோயில் திருவிழா முடியும்வரை இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று அவர்கள் விமானச் சீட்டின் திகதியை மாற்றும்போது, ஏழாம் மாதத்தில் வங்கிக் கணக்குக்கு வரவேண்டிய பணம் வராமல் போகும்.