கடன்பட்டுக் கற்றுக் கூலிக்குக் கற்பிப்பதா?

ஆசிரியரை வாயாரப் போற்றுவதில் நம்மவர்க்கு இணை எவருமிலர். அவர்க்குரிய ஊதியத்தை எண்ணி வைக்கும் வேளையிலோ நம் கை நடுங்குகின்றது. இம் முரண்பாட்டின் முழுச்சுமையும் இன்று யார் தலையில் விழுகின்றது? கடன் வாங்கிக் கல்வியியல் பட்டம் பெற்று வெளிவரும் ஏழை இளைஞர் தலையில்தான்.

முன்பு கல்வியியல் படிப்பு ஓராண்டுப் படிப்பாக இருந்தது. 2015 முதல் அஃது ஈராண்டாயிற்று. கட்டணமும் விடுதிச் செலவும் இரட்டித்தன. ஈட்டியிருக்கக் கூடிய ஓராண்டு ஊதியமும் போயிற்று. தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் ஏழே. அரசு உதவிபெறுவன இன்னுஞ் சில. எஞ்சிய நூற்றுக்கணக்கானவை தனியார் கைகளில் உள்ளன. குறைந்த கட்டணத்தில் இடம் கிடைக்காத உழவன் மகளும் நெசவாளி மகனும் வங்கி வாயிலில்தான் நின்றாக வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஓரிலக்கமாக ஈராண்டில் இரண்டு இலக்கம் உருபா கடன். வட்டி நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். படிக்கும் ஈராண்டும், அதன்பின் விடப்படும் ஓராண்டும் தனிவட்டி ஏறினால், தவணை தொடங்கும் நாளில் கடன் இரண்டரை இலக்கமாகி நிற்கும். பத்தாண்டில் அதனைத் தீர்க்கத் திங்கள்தோறும் ஏறத்தாழ 3,300 உருபா கட்டவேண்டும். கட்டி முடிக்கையில் கொடுத்த தொகை நான்கு இலக்கத்தை நெருங்கிவிடும்.

இச்சுமை பெரிதா, சிறிதா? வரும் ஊதியத்தைப் பொறுத்தது அது. அரசுப் பள்ளியில் பட்டம் பெற்ற ஆசிரியர்க்கு 2017-இல் திருத்தப்பட்ட தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 உருபா, அகவிலைப்படி தனி. அதனைப் பெறுவார்க்கு இத்தவணை பத்திலொரு பங்கிற்கும் குறைவு. ஆனால் 2022-இல் அரசுப் பள்ளிகளின் வெற்றிடங்களை இடைக்காலமாக நிரப்ப முற்பட்டபோது, அதே பணிக்கு முதற்கண் அறிவிக்கப்பட்ட தொகை திங்களுக்கு 10,000 உருபா! அதிலோ தவணை மூன்றிலொரு பங்கை விழுங்கும். வீட்டு வாடகை எங்கே? அரிசிக்கும் பருப்புக்கும் எங்கே? முதுமையுற்ற பெற்றோர்க்கு அனுப்புவது எங்கே?

“அரசுப் பணி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகும்” என்பர் சிலர். கிடைத்துவிட்டால்! அவ்வொரு சொல்லில் எத்தனை ஆண்டுகள் அடங்கியுள்ளன! 2012 முதல் தகுதித் தேர்வு வந்தது. அதில் வென்றார்க்கு மீண்டுமொரு போட்டித் தேர்வு என்று 2018-இல் ஆணை பிறந்தது. தேர்வுகள் காத்திருக்கச் சொல்லும். வட்டி ஒருநாளும் காத்திராது.

“அங்ஙனமாயின் அப் படிப்பையே விட்டொழிக” என்பது விடையாகுமா? ஆகாது. ஏழைப் பிள்ளைகள் விலகினால், வறுமையறியாதார் மட்டுமே வகுப்பில் நிற்பர். பசித்து வந்த குழந்தையின் முகத்தைப் பார்த்தவுடன் அறிந்துகொள்ளும் ஆசிரியரை நாம் இழந்துவிடுவோம். எவ்விழப்பினும் பெரிய இழப்பு அது.

ஆகவே, பெற்றோர்க்கு ஒன்று சொல்வோம்: கிடைக்கக் கூடும் என்னும் பேரூதியத்தைக் கொண்டு கடனை அளவாதீர், உறுதியாகக் கிடைக்கும் சிற்றூதியத்தைக் கொண்டு அளமின். அரசு கல்லூரியில் இடம்பெற ஓராண்டு காத்திருப்பினும் அஃது இழுக்கன்று.

ஆட்சியாளர்க்குச் சொல்வன மூன்று. அரசு கல்வியியல் கல்லூரிகளைப் பெருக்குக. ஈராண்டுப் படிப்பில் இருபது கிழமை பள்ளிகளில் உழைக்கும் பயிற்சி ஆசிரியர்க்கு உதவித்தொகை வழங்குக. வெற்றிடங்களை ஆண்டுதோறும் முழு ஊதியத்தில் நிரப்புக; அதுவரை, தகுதித் தேர்வில் வென்று காத்திருப்போரின் கடன் வட்டியை அரசே ஏற்க.

ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே உழைப்பு. ஒருவர்க்கு ஊதியம், மற்றவர்க்குக் கூலியா? கடன்காரன் வாயிலில் நிற்க, ஆசிரியர் எங்ஙனம் மாணவர்க்குத் தலைநிமிர்வைக் கற்பிப்பார்? எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். எண்ணாதாரை எண்ண வைப்பது நம் கடன்!