கூட்டாளி விலகிய பின் எஞ்சுவது எது?

பெருநிறுவனத்தோடு இணைந்தால் சிறு நிறுவனத்தில் புத்தாக்கம் தானாக மலரும் என்பது இன்றைய தொழில்முனைவுச் சொல்லாடலின் பொது நம்பிக்கை. பெங்களூருவின் பயோகான் வரலாறு அந்நம்பிக்கையைத் திருத்துகிறது.

1978இல் கிரண் மஜும்தார் அயர்லாந்து நிறுவனம் ஒன்றுடன் கூட்டாக, 10,000 ரூபாய் முதலீட்டில் அதைத் தொடங்கினார். பப்பாளியிலிருந்து நொதியைப் பிரித்து ஏற்றுமதி செய்வது தொடக்கக்காலத் தொழில். 1989இல் அயர்லாந்துக் கூட்டாளி யூனிலீவர் வசமானது. 1998இல் யூனிலீவரும் தன் பங்குகளை விற்று விலகியது. வெறும் ஏற்றுமதியாளராக இருந்திருந்தால் பயோகானின் கதை அங்கேயே முடிந்திருக்கக்கூடும். இடைப்பட்ட ஆண்டுகளில் நொதித்தல் நுட்பத்தைத் தன் ஆய்வகத்திலேயே அது வளர்த்திருந்தது. 2009இல் மைலானுடன் கைகோத்தபோது அதனிடம் பகிர்வதற்கு ஓர் அறிவு இருந்தது. 2017இல் அக்கூட்டணியின் மார்பகப் புற்றுநோய் மருந்தான டிராஸ்டுசுமாப் பயோசிமிலருக்கு அமெரிக்க ஒப்புதல் கிட்டியது.

கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தங்களை எண்ணிப் புத்தாக்கத்தை அளக்கும் ஆய்வுகளும் கொள்கைகளும் ஒரு கேள்வியைத் தவறவிடுகின்றன: கூட்டாளி நாளை விலகினால் சிறு நிறுவனத்தின் கையில் என்ன இருக்கும்? நுட்ப அறிவும் காப்புரிமையும் தேர்ந்த பணியாளரும் எஞ்சினால் அது கூட்டுறவு. வராத நிலுவைத் தொகை மட்டுமே எஞ்சினால், அதற்கு ஒப்பந்தக்கூலி என்பதே பொருத்தமான பெயர்.